அக்கோசோம்போ அணை யாருக்காக? கானாவின் வளர்ச்சியை இன்றும் கட்டிப்போடும் ஒப்பந்தங்கள்

பொருநை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்புக் குழுவில் போன வாரம் கானா பற்றிப் பேச்சு வந்து பாதியிலேயே நின்றுவிட்டது. இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இழையைத் தொடங்குகிறேன்.

1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றபோது, ஆப்பிரிக்கா முழுவதும் அந்த நாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கொக்கோ விற்ற பணம் சுமார் 20 கோடி பவுண்டு லண்டனில் இருப்பு இருந்தது. இன்று ஆப்பிரிக்காவில் அதிகம் தங்கம் எடுக்கும் நாடு அதுதான். கொக்கோவில் ஐவரி கோஸ்ட்டுக்கு அடுத்த இடத்தில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. 2010 முதல் கடலில் எண்ணெயும் எடுக்கிறார்கள். இத்தனை இருந்தும் 2022 டிசம்பரில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அறிவித்தார்கள். அடுத்த மே மாதம் பன்னாட்டு நிதியத்திடம் (IMF) 300 கோடி டாலர் கடன்திட்டம். விடுதலைக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டியது 17ஆவது முறை.

குழுவில் பாதிப் பேர் "வெள்ளைக்காரன் சுரண்டல்" என்றார்கள். மீதிப் பேர் "அவர்கள் ஆட்சியாளர்களே திருடர்கள்" என்றார்கள். இரண்டுமே பொத்தாம்பொதுவாக இருந்தன. கொடி மாறிய பிறகும் வெளியாரின் பிடி எப்படித் தொடர்கிறது? எந்தத் தாளில், எந்த விலையில், எந்த விதியில்? அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். ஒரு குறிப்பிட்ட எடுத்துக்காட்டை எடுத்துப் பேசுவோமா?

---

மின்கம்பி எழுதியது:

பொருநை, உங்கள் கேள்விக்கு வோல்ட்டா ஆற்றின் அக்கோசோம்போ அணையை விடப் பொருத்தமான இடம் இல்லை. நான் மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் மின் கொள்முதல் ஒப்பந்தங்களைப் படித்துப் படித்துக் கண் தேய்ந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த அணையின் மின்சாரத்தை வாங்கிய வால்கோ என்ற அலுமினிய உருக்காலையின் ஒப்பந்தத்தை ஒவ்வொரு பொருளாதார மாணவரும் படிக்க வேண்டும்.

வோல்ட்டா ஆற்றில் அணை கட்டலாம், கானா மண்ணில் பாக்சைட் என்ற அலுமினியத் தாது இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் அலுமினியம் செய்யலாம். இந்த யோசனை முதல் உலகப் போர்க் காலத்திலேயே ஆல்பர்ட் கிட்சன் என்ற பிரிட்டிஷ் நிலவியலாளர் எழுதிவைத்தது. 1956இல் வந்த ஆயத்தக் குழுவின் திட்டத்தில் எல்லாமே இருந்தன: சுரங்கம், ரயில் பாதை, பாக்சைட்டை அலுமினாவாக்கும் ஆலை, அதிலிருந்து அலுமினியம் எடுக்கும் உருக்காலை, இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் அணை. செலவைப் பார்த்து பிரிட்டன் ஒதுங்கியது. விடுதலை பெற்ற கானாவின் முதல் ஆட்சித் தலைவர் என்க்ருமா அமெரிக்காவிடம் போனார். ஐசன்ஹோவர் அரசின் வழியாக கைசர் என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனம் வந்தது. 1959இல் கைசரின் பொறியாளர்கள் திட்டத்தை மறுபடி அலசினார்கள். செலவு குறைந்தது உண்மை. ஆனால் குறைந்தவற்றில் சுரங்கமும் ரயிலும் அலுமினா ஆலையும் அடக்கம். மிஞ்சியவை அணையும் உருக்காலையும்தான்.

இதன் பொருளைக் கவனியுங்கள். கானாவின் அவாசோவில் பாக்சைட் வெட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். துறைமுக நகரான டெமாவில் இருந்த உருக்காலைக்கோ ஜமைக்காவில் வெட்டிய பாக்சைட் லூசியானாவில் இருந்த கைசர் ஆலையில் அலுமினாவாகி, அட்லாண்டிக்கைக் கடந்து வந்து இறங்கியது. உருக்கிய அலுமினியம் மறுபடி கப்பல் ஏறியது. கானா கொடுத்தது மின்சாரம் மட்டும்.

அந்த மின்சாரத்தின் விலை என்ன தெரியுமா? 1962இல் கையெழுத்தான 30 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு யூனிட் 2.625 மில். ஒரு மில் என்பது டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு சென்ட்டில் கால் பங்குக்குச் சற்று அதிகம். அணை தந்த மின்சாரத்தில் பாதிக்கும் மேல் பல ஆண்டுகள் அந்த ஒரே ஆலைக்குப் போனது. ஆலையில் 90 விழுக்காடு பங்கு கைசருக்கு, 10 விழுக்காடு ரெய்னால்ட்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்துக்கு. உருக்காலைக்கு வரும் அலுமினாவுக்கு இறக்குமதி வரியும் கிடையாது.

அணைச் செலவில் ஏறக்குறைய பாதியை கானா அரசே போட்டது. மீதி உலக வங்கி, அமெரிக்கா, பிரிட்டன் கொடுத்த கடன். பெருமளவில் மின்சாரம் வாங்கும் ஒருவர் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் கடன் என்றார்கள். வாங்க வந்தது ஒரே ஒரு நிறுவனம். வாங்குபவர் ஒருவரே என்றால் விலையை யார் சொல்வார்கள்?

---

நடுகல் எழுதியது:

மின்கம்பி ஐயா சொன்ன கணக்கை மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் என்க்ருமாவைப் பாவப்பட்டவராகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1958இலேயே விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் தடுப்புக் காவல் சட்டம் கொண்டுவந்தவர் அவர். கானா விடுதலைப் போராட்டத்தின் மூத்த தலைவர் ஜே.பி. டான்குவா 1965இல் சிறையில் செத்துப்போனார். 1964இல் ஒரே கட்சி ஆட்சி. எதிர்க்கேள்வி கேட்க ஆளில்லாத நாட்டில் மோசமான ஒப்பந்தம் வரத்தான் செய்யும்.

அவர் போன பிறகு வந்தவர்கள்? கொக்கோ விவசாயிக்கு உலக விலையில் சிறு பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை அரசுக் கொள்முதல் வாரியம் விழுங்கியது. கானா நாணயமான சேடியின் மதிப்பைச் செயற்கையாகத் தூக்கிப் பிடித்தார்கள். விவசாயிகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு டோகோவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் கடத்தினார்கள். 1964-65 பருவத்தில் 5.5 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் 1983-84இல் 1.6 லட்சம் டன்னுக்கு விழுந்தது. வறட்சியும் காட்டுத்தீயும் பங்கு வகித்தன, சரி. ஆனால் மரத்தைப் பராமரிக்க விவசாயிக்கு ஆசையே இல்லாமல் செய்தது யார்? லண்டனா, கானாவின் தலைநகர் அக்ராவா?

---

பொருநை எழுதியது:

நடுகல், அக்ராதான். அதில் எனக்கு ஐயமே இல்லை. கொக்கோ விவசாயியைச் சொந்த அரசே உறிஞ்சியது என்பதை நான் ஒளிக்கப் போவதில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966 ஜனவரியில் என்க்ருமா அணையைத் திறந்துவைத்தார். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 24 அன்று, அவர் வெளிநாட்டில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிறகு 1972, 1978, 1979, 1981. ஐந்து முறை ஆட்சி கவிழ்ந்தது. மின் ஒப்பந்தம் ஒருமுறையும் கவிழவில்லை. உருக்காலை 1967இல் ஓடத் தொடங்கி, யார் வந்தாலும் போனாலும் மலிவு மின்சாரத்தில் ஓடியது. 1970களில் கட்டணத்தைச் சிறிது கூட்டினார்கள், அவ்வளவுதான். 1972இல் ஆட்சியைப் பிடித்த அச்சியாம்பொங் சில பிரிட்டிஷ் நிறுவனங்களின் கடனைத் தர மாட்டோம் என்றே அறிவித்தார். அந்த வீறாப்புக்காரர்கூட வால்கோவின் அடிப்படை விதிகளைத் தொடவில்லை.

கெட்ட ஆட்சியும் வெளியாரின் பிடியும் எதிரெதிர் விளக்கங்கள் என்று நாம் நினைப்பதே சிக்கல் என்று எனக்குப் படுகிறது. மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஆட்சி, வெளி நிறுவனத்துக்கு வசதியான ஆட்சியும்கூட.

---

நெய்தல்மகள் எழுதியது:

எல்லாரும் யூனிட் விலையைப் பேசுகிறீர்கள். தண்ணீருக்கு அடியில் போன ஊர்களை யாரும் சொல்லவில்லை.

வோல்ட்டா ஏரியின் பரப்பு சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். நாட்டின் நிலப்பரப்பில் 3.6 விழுக்காடு. மனிதர் உருவாக்கிய ஏரிகளில் பரப்பளவில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதற்காக 700க்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து ஏறக்குறைய 80,000 பேரை வெளியேற்றினார்கள். 52 புதுக் குடியிருப்புகள் கட்டினார்கள். பயிர்நிலம் போதவில்லை, வந்தவர்களில் பலர் வேறு ஊர் பார்த்துப் போய்விட்டார்கள். ஓடும் ஆறு தேங்கிய ஏரியானதும் நத்தைகள் பெருகி, கரையோரப் பிள்ளைகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போகும் பில்ஹார்சியா நோய் பரவியது. அணைக்குக் கீழே ஆற்றின் கழிமுகத்தில் சிப்பி எடுத்துப் பிழைத்த பெண்களின் தொழில் அழிந்தது.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. அந்தக் குடியிருப்புகளில் பலவற்றுக்குப் பல பத்தாண்டுகள் மின்சாரமே வரவில்லை. மின்கம்பி அவர்கள் தலைக்கு மேலே டெமாவுக்குப் போனது. நாட்டின் வடபகுதிக்கு உயரழுத்தக் கம்பி போய்ச் சேர்ந்ததே 1980களின் கடைசியில்தான். தேசிய வளர்ச்சி என்று சொல்கிறோமே, எந்த ஊரில் விளக்கு எரிந்தது என்பதையும் அதில் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டாமா?

---

டெமாவாசி எழுதியது:

வேலை நிமித்தமாக இங்கே டெமாவில் இருக்கிறேன். நெய்தல்மகள் அக்கா கேட்டது சரியான கேள்வி.

நான் அணையை விட்டுவிட்டுச் சந்தைக்கு வருகிறேன். இங்கே குளிர்பதனக் கடைக்குப் போனால் பிரேசில் கோழி, அமெரிக்கக் கோழி, ஐரோப்பியக் கோழி. பெரும்பாலும் தொடை, இறக்கை என்று அந்த நாட்டுக்காரர்கள் அதிகம் விரும்பாத பாகங்கள். உள்ளூர்க் கோழி விலை கூடுதல். கோழித் தீவனம், குஞ்சு, மின்சாரம், வங்கி வட்டி எல்லாமே பண்ணையாளருக்கு எட்டாத விலை. 1980களுக்குப் பிறகு பன்னாட்டு நிதியத்தின் சீர்திருத்தத் திட்டத்தில் இறக்குமதித் தீர்வைகளைக் குறைத்து, விவசாய மானியத்தை வெட்டிய பிறகு வந்த நிலை இது.

இதில் ஒரு நிகழ்வு முக்கியம். 2003இல் கானா நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. இறக்குமதிக் கோழிக்குத் தீர்வை 20 விழுக்காட்டிலிருந்து 40 ஆகும். உலக வணிக அமைப்பில் கானா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு 99 விழுக்காடு. அப்படியிருக்க 40 என்பது எந்த விதியையும் மீறவில்லை. சுங்கத்துறை வசூலிக்கத் தொடங்கியது. நிதியத்துடன் பேச்சு நடந்தது. சில நாட்களில் வசூலை நிறுத்தச் சொல்லி அரசே உத்தரவு போட்டது. கோழிப் பண்ணையாளர்கள் வழக்குப் போட்டு 2005இல் வென்றார்கள். நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று நீதிமன்றம் சொன்னது. உடனே அந்தச் சட்டத்தையே நாடாளுமன்றத்தில் நீக்கிவிட்டார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், சுதந்திரமான நீதிமன்றம், பத்திரிகை எல்லாம் இருந்தன. நடுகல் அண்ணா, இங்கே சர்வாதிகாரி யாரும் இல்லை. இருந்தும் ஒரு கோழித் தீர்வையை வைத்துக்கொள்ள அந்த நாட்டால் முடியவில்லை.

---

நடுகல் எழுதியது:

டெமாவாசி தம்பி, இந்தக் கோழிச் சட்டம் எனக்குப் புதுச் செய்தி. வலுவான எடுத்துக்காட்டு. ஆனால் சட்டத்தை நீக்கக் கை தூக்கியவர்கள் கானா உறுப்பினர்கள்தானே? "முடியாது" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

---

டெமாவாசி எழுதியது:

அந்த ஆண்டுகளில் கானா பெருங்கடன் நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டத்தில் இருந்தது அண்ணா. தள்ளுபடி முழுமையாகக் கிடைக்க நிதியத்தின் நற்சான்று வேண்டும். பட்ஜெட்டில் பெரும்பகுதி நன்கொடையையும் கடனையும் நம்பி இருந்தது. கோழிக்காக அதைப் பணயம் வைக்க எந்த நிதியமைச்சருக்கும் துணிவு வந்திருக்காது. கை தூக்கியவர்களை நான் மன்னிக்கவில்லை. அந்த நிலைக்கு நாட்டைக் கொண்டுவந்த ஏற்பாட்டையும் மன்னிக்கவில்லை.

---

வெண்காந்தள் எழுதியது:

கொக்கோ வணிகம் பற்றி எழுதிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

1937இல் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு கொக்கோவின் கொள்முதல் விலையைக் குறைத்தன. அன்று கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட கானாவின் விவசாயிகள் ஒரு மூட்டைகூட விற்க மாட்டோம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்துவிட்டார்கள். ஐரோப்பியக் கடைச் சரக்கையும் வாங்கவில்லை. லண்டனிலிருந்து விசாரணைக் குழு வந்தது. வணிகர்களின் கூட்டு தவறு என்று அந்தக் குழுவே சொன்னது. காலனி ஆட்சியின் நடுவில், வாக்குரிமைகூட இல்லாத உழவர்கள் சாதித்தது இது. அந்த மண்ணில் எதிர்ப்பு என்பது என்க்ருமாவோடு பிறக்கவில்லை.

இன்றைக்கு வருவோம். கானாவும் ஐவரி கோஸ்ட்டும் சேர்ந்து உலகக் கொக்கோவில் ஏறக்குறைய பாதியை விளைவிக்கின்றன. விலையோ, பின்னால் தரப்போகும் சரக்கை இன்றே விலைபேசும் லண்டன், நியூயார்க் முன்பேரச் சந்தைகளில் முடிவாகிறது. 2019இல் இரு நாடுகளும் கைகோத்து, விவசாயியின் வாழ்க்கைச் செலவுக்காகச் சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு 400 டாலர் வாழ்வூதியக் கூடுதல் தர வேண்டும் என்று அறிவித்தன. நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஆனால் தரத்துக்காக வழக்கமாகத் தந்துவந்த தனி ஊக்கத்தொகை சரிந்து சுழியத்துக்கும் கீழே போனது. ஒரு கையால் தந்து மறு கையால் எடுத்துக்கொண்டார்கள். 2020 இறுதியில் சில பெருநிறுவனங்கள் கூடுதலைத் தவிர்க்கப் பார்ப்பதாக இரு அரசுகளும் பகிரங்கமாகவே குற்றஞ்சாட்டின.

அடுத்து கடன். 1990களின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் கொக்கோ வாரியம், இன்னும் காய்க்காத விளைச்சலை அடமானம் வைத்து வெளிநாட்டு வங்கிகளிடம் டாலர் கடன் வாங்கியது. அதற்காகப் பயிரின் பெரும்பகுதியை ஒரு பருவம் முன்னதாகவே விற்றுவிடுவார்கள். 2024இல் விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. உலகமே கொக்கோ விலையைப் பற்றிப் பேசியது. கானா விவசாயி? பழைய விலையில் விற்ற சரக்கைக் கொடுத்து முடிக்க வேண்டிய கட்டாயம். கொடுக்கச் சரக்கும் இல்லை. கொக்கோ மரத்தில் தண்டு வீக்க நோய், தோட்டங்களைத் தோண்டும் கள்ளத் தங்கச் சுரங்கம், எல்லை தாண்டிய கடத்தல். 2020-21இல் 10 லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல் அதில் பாதிக்கு வந்துவிட்டது. விலை உயரும்போது பலனில்லை, விழும்போது முழு அடியும் விவசாயிக்கு.

---

யாத்திரிகன் எழுதியது:

எல்லாரும் மேற்கையே சொல்கிறீர்கள். சீனாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? வோல்ட்டாவின் கிளை ஆறான கறுப்பு வோல்ட்டாவில் 2013இல் முடிந்த புய் அணை சீன நிறுவனம் கட்டியது, சீன வங்கிக் கடன், அதற்கு ஈடாகக் கொக்கோ ஏற்றுமதி வருவாய். 2018இல் இன்னொரு ஒப்பந்தம்: சீனா சாலையும் பாலமும் கட்டும், கானா பாக்சைட் வருவாயிலிருந்து அடைக்கும். அதற்காகக் குறிவைத்த இடங்களில் ஒன்று அட்டேவா காடு. அக்ராவுக்குத் தண்ணீர் தரும் டென்சு உட்பட மூன்று ஆறுகள் பிறக்கும் மலை அது.

---

மின்கம்பி எழுதியது:

யாத்திரிகன் சொன்னது சரி. எந்த நாட்டுக் கொடி பறக்கிறது என்பதை விட ஒப்பந்தத்தின் அமைப்பையே பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலில் கானா தனக்குத்தானே செய்துகொண்டதும் உண்டு. 2014, 2015இல் மின்வெட்டு தாங்க முடியாமல் அவசர அவசரமாகத் தனியார் மின் ஒப்பந்தங்கள் போட்டார்கள். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு கொடுத்தாக வேண்டும் என்ற விதியோடு. 2019இல் நிதியமைச்சரே நாடாளுமன்றத்தில் சொன்னார், பயன்படுத்தாத மின்திறனுக்கு ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கும் மேல் போகிறது என்று. 1962இல் மின்சாரத்தை அடிமாட்டு விலைக்கு விற்ற நாடு, எரியாத விளக்குக்குக் காசு கட்டியது. இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு கனக்கிறது. இரண்டிலும் நிலைமை ஒன்றுதான்: நாட்டுக்கு அவசரம், எதிர்த்தரப்புக்கு அவசரமில்லை.

அவசரம் எதிர்த்தரப்புக்கு வந்தபோது என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1983-84 வறட்சியில் ஏரி வற்றியது. மின்சாரம் இல்லை, உருக்காலையை மூட வேண்டியதாயிற்று. மறுபடி திறக்க கைசருக்கு ஆசை. அந்த நேரம் பார்த்து, 1981இல் ஆட்சியைப் பிடித்த ரோலிங்ஸின் அரசு பேச உட்கார்ந்தது. 1985இல் கட்டணம் சுமார் 17 மில்லுக்கு ஏறியது. 1970களின் சிறு உயர்வைத் தவிர 20 ஆண்டு "மாற்றவே முடியாது" என்றிருந்த விலை, ஆலையைத் திறக்கும் சாவி கானாவின் கையில் இருந்த ஒரே தருணத்தில் பெரிதாக மாறியது.

---

நடுகல் எழுதியது:

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் ஐயா. அப்படியானால் அரசுக்கு இடம் இருந்தது. போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று. வைரம் கிடைத்ததும் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தோடு போட்ட முதல் ஒப்பந்தத்திலேயே உட்கார்ந்துவிடவில்லை. 1970களின் நடுவில் திரும்பப் பேசிச் சுரங்க நிறுவனத்தில் 50 விழுக்காடு பங்கை வாங்கினார்கள். தேர்ந்த பேச்சாளர்களை வைத்துக்கொண்டார்கள். வருவாயைப் பள்ளிக்கும் சாலைக்கும் போட்டார்கள். உள்நாட்டில் ஒழுங்கு இருந்தால் வெளிநாட்டானிடம் பேரம் பேசலாம்.

---

பொருநை எழுதியது:

ஏற்கிறேன் நடுகல். ஆனால் ஒரு வேறுபாடு. போட்ஸ்வானாவின் வைரத்தை டி பியர்ஸ் இழக்கவே முடியாது. கைசருக்கோ, கானாவின் மின்சாரம் இல்லாவிட்டால் வேறொரு நாட்டின் மின்சாரம். அதனால்தான் 1956 திட்டத்தில் இருந்த அலுமினா ஆலை வெட்டப்பட்டதை நான் பெரிய இழப்பாகப் பார்க்கிறேன். சுரங்கம், அலுமினா, உருக்காலை மூன்றும் கானாவுக்குள் இருந்திருந்தால் எதிர்த்தரப்பால் எழுந்து போயிருக்க முடியாது. 2004 வாக்கில் கைசர் போயே போய்விட்டது, அரசு ஆலையை வாங்கியது. 2 லட்சம் டன் திறன் கொண்ட அந்த ஆலை அதன் பிறகு ஒரு பகுதி மட்டுமே ஓடியது. அலுமினா இறக்குமதி, அவாசோவின் பாக்சைட் கச்சாவாக ஏற்றுமதி என்ற ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.

---

நெய்தல்மகள் எழுதியது:

இதே பேச்சு லித்தியத்திலும் வந்திருக்கிறது. கானாவின் மத்தியப் பகுதியில் எவோயா என்ற இடம். 2023 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் பதிவான அட்லாண்டிக் லித்தியம் நிறுவனத்துக்குச் சுரங்க உரிமம் கொடுத்தார்கள். ராயல்டி, அதாவது விற்ற கனிமத்தின் மதிப்பில் அரசுக்குத் தரும் பங்கு, 10 விழுக்காடு; நிறுவனத்தில் அரசுக்கு இலவசப் பங்கு 13 விழுக்காடு. தங்கத்துக்கு வாங்கிய 5 விழுக்காட்டோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான். இருந்தாலும் உள்நாட்டில் கடும் எதிர்ப்பு. நாடாளுமன்ற ஒப்புதல் இழுத்துக்கொண்டே போனது. இடையில் லித்தியம் விலை விழுந்தது. உடனே நிறுவனம் சலுகை கேட்டது.

மின்கம்பி ஐயா, இந்த ஒப்பந்தம் உங்கள் மேசைக்கு வந்தால் முதலில் எந்தப் பக்கத்தைத் திறப்பீர்கள்?

---

மின்கம்பி எழுதியது:

ராயல்டிப் பக்கத்தை அல்ல அம்மா. எல்லாரும் அதையேதான் பார்ப்பார்கள், அதனால் அதில் ஏமாற்றுவது கடினம்.

முதலில், விலை ஏறினால் அரசின் பங்கு தானாக ஏறுமா, விழுந்தால் தானாக இறங்குமா என்று பார்ப்பேன். இறங்குவதற்கு மட்டும் வழி வைத்து, ஏறுவதற்கு வைக்காத ஒப்பந்தங்கள் ஏராளம். இரண்டாவது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை? 30 ஆண்டு என்றால் கையெழுத்து வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று எழுதட்டும். மூன்றாவது, வெட்டிய கல்லை யாருக்கு விற்கிறார்கள்? தாய் நிறுவனத்துக்கோ பங்காளிக்கோ குறைந்த விலையில் விற்றால் 10 விழுக்காடு ராயல்டியும் வெறும் எண்தான். நான்காவது, சுத்திகரிப்பு ஆலை பற்றி "ஆராயப்படும்" என்று எழுதியிருக்கிறதா, "இந்த ஆண்டுக்குள் கட்டப்படும், இல்லாவிட்டால் உரிமம் ரத்து" என்று எழுதியிருக்கிறதா? 1959இல் கானா இழந்தது அந்த ஒரு வரியைத்தான். கடைசியாக, தகராறு வந்தால் வழக்கு அக்ராவிலா, லண்டனிலா?

நாடாளுமன்றம் ஆண்டுக்கணக்கில் இழுத்ததைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். லித்தியம் மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும், அது கெட்டுப் போகாது. அந்த ஐந்து விதிகளுக்கும் பதில் வாங்கிய பிறகு ஒப்புதல் தரட்டும். டெமாவாசி தம்பி, ஒப்பந்தத்தின் முழு வடிவம் அங்கே பொதுமக்கள் பார்வைக்குக் கிடைத்தால் இங்கே போடுங்கள். வரி வரியாகப் படிப்போம்.